பின்னால் வருபவருக்காக எழுதுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு பெரும்புலவரைப் பற்றியோ ஒரு காப்பியத்தைப் பற்றியோ பேசுவது மரபு. முதலாண்டு மாணவர் எழுதும் கட்டுரையைப் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டபோது, ஏற்பாட்டாளர்கள் தயங்காமல் இசைந்தார்கள். அதற்கு நன்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாம் எழுதிய பொருளையே தேடி நாளை இன்னொருவர் வருவார். அவர் நாம் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதன்மேல் கட்ட வேண்டும். தவறென்றால் எந்த இடத்தில் தவறு என்று கைவைத்துக் காட்ட வேண்டும். அவருக்கு இவையெல்லாம் இயலும்படி எழுதுவதே கல்லூரி எழுத்து. மேற்கோள் குறி, அடிக்குறிப்பு, நூற்பட்டியல் எல்லாம் அவருக்காக ஏற்பட்டவை. மதிப்பெண்ணுக்காக ஏற்பட்டவை என்று நினைத்தால் அவை வெறும் சடங்காகிவிடும்.

யார் படிக்கிறார்கள்?

பள்ளியில் நாம் அனைவரும் பொதுக்கட்டுரை எழுதியிருக்கிறோம். முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், நடுவே ஒரு குறள், முடிவுரை. ‘மழைநீர் சேகரிப்பு’, ‘சாலைப் பாதுகாப்பு’, ‘நூலகத்தின் பயன்’. இந்த வடிவத்தை நான் பழிக்கவில்லை. பத்தி பிரிக்கவும் கோவையாகச் சொல்லவும் அது பழக்குகிறது. ஆனால் அதைப் படிப்பவர் ஒரே ஒருவர். அதில் இருப்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தவரிடம் தெரிந்ததையே சொல்லும்போது சான்று எதற்கு? ‘நம் முன்னோர் நீர்நிலைகளைப் போற்றினர்’ என்று எழுதினால் எந்த முன்னோர், எந்த ஏரி, எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

கல்லூரிக்கு வந்ததும் அதே கட்டுரை அசைன்மெண்ட் என்ற பெயரில் தொடர்கிறது. ஏ4 தாளில் பத்துப் பக்கம், ஸ்பைரல் பைண்டிங், முகப்பில் வண்ணப்படம். உள்ளே இருப்பது மூன்று இணையதளங்களிலிருந்து எடுத்து ஒட்டியது. இன்டர்னல் மார்க் போட்டதும் அது துறையின் அலமாரியில் கிடந்து, பிறகு பழைய பேப்பர்காரரிடம் போகிறது. மாணவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றை யாராலும் அக்கறையாக எழுத முடியாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னது. வந்த எழுத்தைக் கண்டு ஆசிரியர்கள் மனம் நொந்தார்கள். 1885இல் எழுத்துப் பாடத்தை முதலாண்டிலேயே வைத்தார்கள். அங்கிருந்துதான் அந்நாட்டுக் கல்லூரிகளில் முதலாண்டு எழுத்து வகுப்பு பரவி, இன்றுவரை நிலைத்திருக்கிறது. நம் கல்லூரிகளில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று மொழிப் பாடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் இலக்கியம் கற்பிக்கின்றன. எழுதக் கற்பிக்கும் வேலை ஓரமாகத்தான் நடக்கிறது. அப்படியானால் மாணவர் ஆய்வெழுத்து என்பது வெளிநாட்டுச் சரக்கா என்று கேட்கலாம். இல்லை. நூறாண்டுக்கு முன்பே அது சென்னையில் நடந்திருக்கிறது.

ஸ்லேட்டரின் மாணவர்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916இல் அவர் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தார். விடுமுறைக்கு உங்கள் ஊருக்குப் போகும்போது அந்த ஊரையே ஆராய்ந்து எழுதி வாருங்கள் என்றார். நிலம் யாரிடம் எவ்வளவு, கூலி பணமாகவா தானியமாகவா, கடன் யாரிடம், என்ன வட்டி, என்ன தொழில் என்று கேள்விகள் நேரானவை. மாணவர்கள் எழுதி வந்தவற்றிலிருந்து உருவான நூல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு 1918இல் வெளிவந்தது. அதில் தூசி என்னும் ஊர் உண்டு, இருவேல்பட்டு உண்டு, கங்கைகொண்டான் உண்டு, பாலக்குறிச்சி உண்டு.

அந்த மாணவர்கள் பொருளியல் மேதைகள் அல்லர். சிலரது கணக்கில் ஓட்டை இருந்திருக்கும். ஊரில் தம் குடும்பத்துக்கு இருந்த இடமும் சாதியும் அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பதைத் தீர்மானித்திருக்கும். ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன கேள்விக்கு என்ன விடை என்று பதிந்து வைத்தார்கள். அதனால் என்ன நடந்தது என்று பாருங்கள். 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1940இல் அது நூலானது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். இருவேல்பட்டுக்கு 1980களின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்சரும் போனார்கள். பிறகு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரை அந்த ஊரில் நிலமும் உழைப்பும் சாதி அரசியலும் எப்படி மாறின என்று 2010இல் கட்டுரை எழுதினார்கள்.

விழுப்புரம் மாவட்டத்து ஒரு கிராமத்தின் ஏறத்தாழ நூற்றாண்டு வரலாறு நமக்குக் கிடைத்ததற்கு முதல் கல் ஒரு மாணவரின் விடுமுறை வேலை. நிலம் கைமாறியது, பண்ணையாள் முறை தளர்ந்தது, கூலி உயர்ந்தது என்றெல்லாம் சொல்ல வேண்டுமானால் எங்கிருந்து மாறியது என்று தெரிய வேண்டும். அந்தத் தொடக்கப் புள்ளியை அவர் வைத்துவிட்டுப் போனார். அழகான முடிவுரை எழுதியதால் அவர் நிலைக்கவில்லை; திரும்பிப் போய்ப் பார்க்கும்படி எழுதியதால் நிலைத்தார்.

நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று. 1863 மே 30ஆம் நாள் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளைக்கல் எடுத்த ஒரு குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். ஒரு கல்லை வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பு எழுதிவிடவில்லை. அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் பக்கம் போய் மேலும் கருவிகளைக் கண்டார். எங்கே, எந்த மண்ணடுக்கில் என்று குறித்தார். அந்த அத்திரம்பாக்கத்துக்குத்தான் சாந்தி பப்புவின் குழு பிற்காலத்தில் திரும்பிச் சென்று அகழ்ந்தது. அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் அறிவித்தது. ஃபூட்டுக்கு அந்தக் காலக்கணக்கு தெரியாது. இடத்தைச் சரியாக எழுதிவைக்க மட்டும் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

முடிச்சூரை எப்படி எழுதுவது?

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. மக்களைப் படகில் மீட்டார்கள். இன்று முதலாண்டில் இருப்பவர்கள் அப்போது சிறு பிள்ளைகள். முடிச்சூர் ஏன் மூழ்கியது என்று அவர்களிடம் கேட்டால், ‘செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்’ என்ற விடை சட்டென்று வரும். வீட்டில் சொல்லக் கேட்டது அது.

இதை ஒரு கட்டுரையாக்குவோம். ‘சென்னை வெள்ளம்: காரணங்களும் தீர்வுகளும்’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. அதற்கு எதையும் எழுதலாம், எதுவும் தவறாகாது. ‘செம்பரம்பாக்கத்தில் திறந்த நீர் முடிச்சூரை எட்டியிருக்க முடியுமா?’ என்பது கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று விடை உண்டு. விடையைச் சோதிக்கவும் வழி உண்டு.

முதல் சோதனை வரைபடம். அடையாறு மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு வரதராஜபுரம், முடிச்சூர் ஓரமாக வருகிறது. பிறகு வடக்கே போய், திருநீர்மலை அருகில்தான் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதில் வந்து சேர்கிறது. அதாவது முடிச்சூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. கூடுமிடம் கீழே இருக்கிறது. ஏரி திறப்பு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் தாக்கியதைப் பற்றிப் பேசலாம். முடிச்சூருக்கு அன்று அங்கேயே கொட்டிய மழை, மேலேயுள்ள ஏரிகளின் நிலை, ஆற்றங்கரையில் கட்டிய வீடுகள் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஊரே நம்பும் ஒன்றை, கைப்பேசியில் எவரும் திறக்கக்கூடிய வரைபடத்தைக் கொண்டு ஒரு மாணவியால் அசைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அவர் இங்கே நிறுத்தக்கூடாது. மறுப்பவர் என்ன சொல்வார் என்று தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே வருகிற நீர் வடியாமல் தேங்குமே?’ நியாயமான கேள்வி. அந்தத் தேக்கம் எவ்வளவு தொலைவு மேலே எட்டும் என்பது ஆற்றின் சரிவைப் பொறுத்தது. அதற்கு மட்ட அளவுகள் வேண்டும். அவை கிடைக்கவில்லை என்றால், ‘என் சான்று இதுவரைதான் செல்கிறது’ என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் அடுத்து வருபவருக்கு வேலை கொடுக்கிறது.

அடுத்தது ஆவணம். இந்த வெள்ளம் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அறிக்கையைப் படிப்பது வேறு. அறிக்கையைப் பற்றி நாளேட்டில் வந்ததைப் படிப்பது வேறு. நாளேட்டுச் செய்தியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிப்பது இன்னும் வேறு. எதைப் படித்தோமோ அதையே குறிப்பிட வேண்டும். பழைய உள்ளாட்சிப் பதிவுகளைத் தேடுகிறவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021இல்தான். 2015ஆம் ஆண்டுத் தாளை மாநகராட்சியின் பெயரில் தேடினால் கிடைக்காது. தம் தெரு அன்று எந்த உள்ளாட்சியில் இருந்தது என்று தெரிந்துகொள்வதே ஆய்வின் ஒரு படி.

மூன்றாவது, மனிதர்கள். தெருவில் இருக்கும் பெரியம்மாவிடம் போய், ‘செம்பரம்பாக்கம் திறந்ததாலதானே தண்ணி வந்துச்சு?’ என்று கேட்டால், ‘ஆமாம்மா’ என்பார். விடையை நாமே கொடுத்துவிட்டுக் கேட்பது கேள்வி ஆகாது. ‘தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு? முதல்ல எந்த வீட்டுக்குள்ள போச்சு? எத்தனை மணி இருக்கும்? சுவத்துல எதுவரைக்கும் ஏறுச்சு?’ என்று கேட்டால், எந்த அறிக்கையிலும் இல்லாத தகவல் கிடைக்கும். எந்த நாளில் கேட்டோம், எந்தத் தெரு என்று குறிக்க வேண்டும். சொன்னவர் விரும்பாவிட்டால் அவர் பெயரைப் போடக்கூடாது.

இப்போது கட்டுரையில் மூன்று வகை வாக்கியங்கள் இருக்கும். மாணவி தாம் கண்டது. பிறர் சொல்லியோ எழுதியோ அறிந்தது. இவ்விரண்டையும் வைத்துத் தாம் ஊகித்தது. எந்த வாக்கியம் எந்த வகை என்பது படிப்பவருக்குத் தெரிந்தால் அது கல்லூரி எழுத்து. மூன்றும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், தமிழ் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பொதுக்கட்டுரைதான்.

எண்ணிச் சொல்லுதல்

கண்டதை எண்ணிச் சொன்னால் சரிபார்ப்பது இன்னும் எளிது. 1837இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாம் ஆண்டான 1937இல், ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. புள்ளியியல்காரருக்குச் சிற்பத்தில் என்ன வேலை? மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடைகளையும் அணிகலன்களையும் வகைப்படுத்தி எண்ணினார். 1970இல் அதைக் கல்லூரி இதழிலேயே கட்டுரையாக எழுதினார். ‘இந்தச் சிற்பம் பழமையானதாகத் தோன்றுகிறது’ என்று ஒருவர் சொன்னால் அவரோடு உடன்படலாம், மாறுபடலாம். அதற்கு மேல் நகர முடியாது. இத்தனை உருவங்களில் இத்தகைய அணி இருக்கிறது என்று சொன்னால் நாளைக்கே ஒருவர் மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறிப் போய் மறுபடி எண்ணலாம்.

அவரே ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து நம் வீட்டு வாசல் கோலத்தை எடுத்துக்கொண்டார். புள்ளியும் வளைவும் என்ன விதிகளின்படி பெருகுகின்றன என்பதைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக ஆக்கி 1974இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பொருள் வீட்டு வாசலில் இருந்தது. வாசகர் உலகெங்கும் இருந்தார்கள். உள்ளூர்ப் பொருள் சிறிய பொருள் என்ற எண்ணத்தை முதலாண்டு மாணவர் விட்டுவிட வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, அனகாபுத்தூர் நெசவு, பம்மல் தோல் பதனிடும் தொழில், சிட்லபாக்கம் ஏரி என்று எழுதப்படக் காத்திருக்கும் பொருள்களுக்கு இந்தப் பக்கத்தில் குறைவில்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாராவும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. ரயில் பாஸ் எடுத்தவருக்கு இவை எட்டாத இடங்கள் அல்ல.

உடன்படுதலும் மறுத்தலும்

பிறர் கருத்தை என்ன செய்வது என்பதில்தான் மாணவர் பெரிதும் தடுமாறுகிறார்கள். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் நூலாசிரியர் கொள்ளத்தக்க நிலைப்பாடுகளை ஏழாக வகுக்கிறார். பிறர் சொன்னதை ஏற்பது ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவது ஒன்று, தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது ஒன்று, இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது ஒன்று, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று, பிறரோடு ஒட்டாமல் தன் கொள்கையில் நிற்பது ஒன்று. இதை நாம் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். நம் கட்டுரையில் ஒருநாளும் கையாளவில்லை. முதலாண்டு எழுத்து வகுப்புக்கு இதைவிடச் சுருக்கமான பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

இதைக் கையாண்டு காட்டிய மாணவர் ஒருவர் உண்டு. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று அந்நாளில் விமரிசகர்கள் சொல்லிவந்தார்கள். கிறித்தவக் கல்லூரியில் முதுகலை படித்த இளைஞர் ஒருவர் அந்தக் குற்றச்சாட்டையே கேள்வியாக எடுத்துக்கொண்டு, அதற்கு விடையாகத் தம் ஆய்வேட்டை எழுதினார். சமய நிறுவனம் நடத்திய கல்லூரி, ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் கிறித்தவ இறையியலில் ஆழ்ந்தவர். மாணவர் மாறுபட்டு எழுதியதை அவர் பாராட்டினார். 1908இல் அது நூலாக அச்சேறியது. அந்த மாணவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பதவியை விட்டுவிடுங்கள். இருபது வயதில் தம்மோடு உடன்படாத வாசகரை மனத்தில் வைத்து எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

திருட்டு எழுத்தைப் பற்றி ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. இதிலிருந்து பலர் கற்ற பாடம், மென்பொருள் பிடிக்காதபடி சொற்களை மாற்றிப் போடுவது. இன்று அதைக்கூடச் செய்ய வேண்டாம். சாட்ஜிபிடி வழவழவென்று புதிதாகவே எழுதித் தருகிறது, ஒப்புமை விழுக்காடு பெரும்பாலும் மிகக் குறைவு. ஆகவே விழுக்காட்டை வைத்து நேர்மையை அளக்கும் காலம் முடிந்தது. நான் வேறு அளவுகோலை வைப்பேன். இந்த வாக்கியம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், எழுதியவர் ஓர் இடத்தையோ ஒரு நூலின் பக்கத்தையோ ஒரு மனிதரையோ காட்ட முடிய வேண்டும்.

ஒரு பருவத்துக்கான திட்டம்

குறைசொல்லிவிட்டு இறங்குவது முறையல்ல. ஆகவே ஒரு திட்டம் வைக்கிறேன். முதல் பருவத்தில் மூன்றே எழுத்துகள். முதலாவது, ஓர் இடத்தைப் பார்த்து ஒரு பக்கம். அதில் கண்டது மட்டும் இருக்க வேண்டும், கருத்து கூடாது. இரண்டாவது, பிறர் எழுதிய ஒரு கட்டுரையின் வாதத்தை ஒரு பக்கத்தில் சுருக்கிச் சொல்வது. எழுதியவரே படித்தாலும் ‘நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒரு கேள்வியும் அதற்கான விடையும் நான்கு பக்கங்களில். அதற்கு முதல் வரைவு, திருத்திய வரைவு இரண்டும் வேண்டும். மதிப்பெண் திருத்தத்துக்கே அதிகம்.

அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் எப்படிப் படிப்பார் என்று கேட்பீர்கள். பத்துப் பக்கம் கேட்பதை நிறுத்தினால் பாதிச் சுமை குறையும். மீதிக்கு மாணவரையே துணைக்கு அழைக்கலாம். ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கைக்காரரின் கட்டுரையிலிருந்து ஒரு சான்றை எடுத்து, அது சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து வரட்டும். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? எந்த மொழியில் சிந்திக்க முடிகிறதோ அதில் தொடங்கட்டும். கேள்வி கேட்கப் பழகியவர் இன்னொரு மொழியிலும் கேட்பார்.

எல்லாவற்றுக்கும் மேலானது கடைசிப் படி. நல்ல கட்டுரைகளை மட்டும் அல்ல, எல்லாக் கட்டுரைகளையும் துறை நூலகத்தில் ஆண்டுவாரியாக, பொருள்வாரியாக வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவரின் முதல் வேலை, அவற்றில் ஒன்றை எடுத்து, அதே தெருவுக்கோ ஏரிக்கோ சந்தைக்கோ போய்ச் சரிபார்ப்பது. பத்து ஆண்டில் தென்சென்னைப் புறநகர் பற்றி எந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத பதிவு ஒன்று இந்தக் கல்லூரியில் இருக்கும். இந்த அறக்கட்டளையின் வருவாயில் ஒரு சிறு பகுதியை அதற்கு ஒதுக்க முடியுமா என்று நிறுவனர் குடும்பத்தாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அலமாரி ஒன்றும், அட்டவணை எழுத ஒருவரும் போதும்.

முன்வரிசையில் இருக்கும் முதலாண்டு மாணவர்களே, உங்களிடம் நான் எதிர்பார்ப்பது பரிசுக்குரிய கட்டுரை அல்ல. அடுத்த ஜூன் மாதம் சேரும் மாணவர் ஒருவர் உங்கள் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், ‘மூன்றாம் பக்கத்தில் இவர் சொல்வது தவறு, இதோ சான்று’ என்று எழுதி வந்தால், நீங்கள் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.